வட சென்னையில் ஊரடங்கும் நாயும் நடையும்: தினசரி எப்படிச் சமாளிப்பது

2022 ஜனவரியில் கொரோனா மூன்றாம் அலை வந்தபோது 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. இது போக 6ஆம் தேதியிலிருந்து தினமும் ராத்திரி 10 மணிக்கு ஊரடங்கு ஆரம்பித்தால் விடிகாலை 5 மணி வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று இருந்தது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் நடந்தே ஆக வேண்டியவர்கள் எங்கள் பக்கம் நிறைய, வீட்டில் நாய் வைத்திருப்பவர்களும் நிறைய. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: போகலாமா கூடாதா, போனால் எப்படிப் போவது. முந்தின இரண்டு அலையிலும் தண்டையார்பேட்டைச் சந்துகளிலேயே நாயைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பொதுவாக எல்லோரும் போலீஸை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஊரடங்கு நாளில் நாயோடு நடப்பவருக்கு முதல் தொந்தரவு பசியில் கிடக்கும் தெருநாய்களால்தான் வருகிறது, அதை யாரும் யோசிப்பதே இல்லை. அதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் விதி.

விதியில் என்ன இருக்கிறது

வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய செய்திகளை வைத்துக் கிளம்பாதீர்கள். 2020 மார்ச்சில் பிரிட்டனில் நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்காக வெளியே வரலாம் என்று விட்டார்கள். பிரான்சில் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் 1 மணி நேரம், கையில் ஒரு படிவம், அந்தப் படிவத்திலேயே வளர்ப்புப் பிராணிக்காகவும் வெளியே வரலாம் என்று போட்டிருந்தது. ஸ்பெயினில் சும்மா நடக்கப் போக முடியாது, நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம். நம் ஊர் உத்தரவில் பால், மருந்து, பத்திரிகை, பெட்ரோல், ஏ.டி.எம். என்று பட்டியல் வரும். முழு ஊரடங்கு நாளுக்கான பட்டியலில் நாயைக் கூட்டிப்போவது பற்றி ஒரு வரியையும் நான் படித்ததில்லை. தளர்வு கொடுக்கும்போதுதான் நடைப்பயிற்சிக்கு இடம் வந்தது: 2021 ஜூனில் பூங்காக்களில் காலை 6 முதல் 9 வரை நடக்க விட்டார்கள், அப்புறம் கடற்கரையில் 5 முதல் 9 வரை. 2022 ஜனவரியிலும் மெரினாவில் நடைபாதையில் நடப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது.

அதனால் நாளைப் பொறுத்து நடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஜனவரியில் வார நாளில் காலை 5 மணிக்கு மேல், ராத்திரி 10 மணிக்குள் நடப்பதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை, முகக்கவசம் மட்டும் மூக்கு மேலேயே இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் 200 ரூபாயாக வைத்த அபராதத்தை 2022 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். முழு ஊரடங்கு ஞாயிறென்றால் உங்கள் தெருவுக்குள், முடிந்தால் உங்கள் வாசல் தெரிகிற தூரத்துக்குள், நாய் ஒன்றுக்கு இரண்டுக்குப் போய் முடிக்கிற நேரம் மட்டும். மெயின் ரோட்டை மிதிக்கவே வேண்டாம். நடப்பதற்காக வண்டியில் வேறு இடத்துக்குப் போவதைச் சுத்தமாக மறந்துவிடுங்கள், 2020இல் வண்டி பறிபோனவர்கள் ஏராளம். அந்த வருஷம் ஜூன் 19ஆம் தேதி சென்னையில் மறுபடி இறுக்கிப் பிடித்தபோது மளிகை வாங்கக்கூட 2 கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும் என்றார்கள். அந்த 2 கிலோமீட்டரை நடைப்பயிற்சிக்கான எல்லை என்று நினைத்துக்கொண்டு ராயபுரம் வரை போனவர்களும் இருந்தார்கள். அது சாமான் வாங்கப் போகிறவர்களுக்குச் சொன்ன தூரம்.

தொற்று வந்ததென்று உங்கள் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, நாய் உட்பட எல்லோரும் உள்ளேதான். 2020 கோடையில் மாநகராட்சியிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகமாக இருந்தது, எங்கள் பக்கத்துத் தெருக்களில் தகரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அப்போது மொட்டை மாடி ஒன்றே வழி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

போலீஸ் கேட்டால் நீளமாகக் கதை சொல்லாதீர்கள். கதவு எண், தெருப் பெயர், "நாயை ஒண்ணுக்கு விட்டுட்டு உள்ள போயிடறேன் சார்", அவ்வளவுதான். அவர் திரும்பிப் போகச் சொன்னால் உடனே திரும்பிவிடுங்கள். "நாய் வெச்சிருக்கேன், எனக்குப் போக உரிமை இருக்கு" என்று ஒருவர் நடுரோட்டில் வாதம் செய்தால் அடுத்த நாள் அந்தத் தெருவில் நாய் வைத்திருக்கும் எல்லோருக்கும் கெடுபிடிதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் போலீஸ்காரரும் நாள் பூராவும் நின்றுகொண்டிருக்கிற மனிதர். குரலை உயர்த்தாமல் பேசுங்கள்.

எந்த நேரம், எவ்வளவு நேரம்

இரவு 10 முதல் காலை 5 என்பது 7 மணி நேரம். நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த நாய் 7 மணி நேரம் தாங்கும். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்குள் போட்டுவிட வேண்டும், 9 மணிக்கு மேல் கிளம்பி நிதானமாக ஒரு சுற்று, 9.45க்கு வீடு. 9 மணிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு 9.50க்கு அவசரமாக வாசலில் விட்டு இழுத்துக்கொண்டு வந்தால் அது ராத்திரி 2 மணிக்குக் கதவைப் பிறாண்டத்தான் செய்யும். குட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அத்தனை மணி நேரம்தான் அடக்கும். மூன்று மாதக் குட்டி நாலு மணி நேரம். வயதான நாய்க்கும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் ராத்திரி நடுவில் ஒரு தடவை மாடிக்குப் போக வழி வைத்திருக்க வேண்டும்.

காலையில் 5 மணி அடித்ததும் கிளம்புவது நல்லது. 6 மணிக்கு மேல் எங்கள் தெருக்களில் அடிபம்பு பக்கமும் தண்ணீர் லாரி பக்கமும் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும், ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், அந்தச் சந்தில் நாயோடு நுழைந்து இடைவெளி விட்டு நடப்பது நடக்காத காரியம். இன்னொன்று, கோலம். மார்கழி முடிந்தாலும் வாசலில் கோலம் போடுவது நிற்கவில்லை. இருட்டோடு எழுந்து தண்ணீர் தெளித்து அந்த அக்கா ஒரு மணி நேரம் குனிந்து போட்ட கோலத்தின் மேல் உங்கள் நாய் காலைத் தூக்கினால் அவர்கள் சண்டை போடுவதில் எந்தத் தப்பும் இல்லை. கோல வாசல் பக்கம் வரும்போது கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்து, தெருவின் எதிர்ப்பக்கமாகக் கடந்துவிடுங்கள். இரண்டுக்குப் போனால் பழைய தினசரித் தாளில் எடுத்து மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஊரே பயந்து போயிருக்கிற சமயத்தில் தெருவில் கிடக்கும் எச்சிலும் அசிங்கமும்தான் முதலில் கண்ணில் படும், அதை வைத்தே "நாயை உள்ளே கட்டு" என்று பேச்சு ஆரம்பிக்கும்.

சிலர் நாயை நடத்துவதையே தங்கள் உடற்பயிற்சிக் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது இரண்டு பேருக்குமே சரியாக அமையாது. நாய்க்கு வேண்டியது மோப்பம். கம்பத்துக்குக் கம்பம் நின்று, சுவரோரம் மூக்கை வைத்து, நேற்று இந்த வழியாக யார் போனார்கள் என்று படித்துக்கொண்டே போக வேண்டும். அதை அவசரப்படுத்தாமல் பதினைந்து, இருபது நிமிடம் மோப்பம் பிடிக்க விட்டால் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓடியதைவிட நன்றாகக் களைத்துப் படுக்கும். உங்களுக்கு வேண்டியது மூச்சு வாங்குகிற மாதிரியான நடை, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாயை வீட்டில் விட்டுவிட்டு அதைத் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். தெருவில் கூட்டம் என்றால் மாடியில்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரோடு காலியாக இருக்கிறதே என்று எண்ணூர் விரைவு சாலைப் பக்கம் நடக்கப் போகாதீர்கள். துறைமுகம் ஊரடங்கில் மூடுவதில்லை, கண்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், மணலி பக்கமிருந்து டேங்கர் லாரிகளும் வரும். மற்ற நாளில் நெரிசலில் ஊர்ந்துபோகிற அதே லாரி காலி ரோட்டில் வரும் வேகம் வேறு. விடிகாலை இருட்டில் கறுப்பு நாய் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காசிமேட்டுக் காற்றும் கல் தடுப்பில் அடிக்கிற அலையும் யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் அதை ஊரடங்கு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குப் போவதாக இருந்தால் வாசலில் இருக்கும் பலகையைப் படியுங்கள், பல பூங்காக்களில் நாய்க்கு அனுமதி கிடையாது, நீங்கள் மட்டும் போகலாம்.

தெருநாய்கள்

எங்கள் தெரு முனையில் ஒரு டீக்கடை. அதன் ஷட்டருக்குக் கீழே ஒரு செவலை நாய் படுத்திருக்கும், ஒரு காதின் நுனியில் சின்னதாக வெட்டு, அதாவது கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் ஆன நாய். சாதாரண நாளில் டீ குடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொறை போட்டுவிட்டுப் போவார்கள், என் நாயைப் பார்த்தால் தலையைக்கூடத் தூக்காது. 2020இல் ஊரடங்கு வந்து கடை மூடியதும் அதே நாய் என் நாயைப் பார்த்து உறும ஆரம்பித்தது, கூடவே அடுத்த சந்து நாய்கள் இரண்டு சேர்ந்துகொண்டன. வேறொன்றும் இல்லை, சோறு போடும் இடங்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன. டீக்கடை, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், மீன் மார்க்கெட், கோழிக்கடை ஓரம், இந்த ஐந்தை நம்பித்தான் வட சென்னையின் பாதி நாய்கள் வாழ்கின்றன. அவை மூடினால் நாய்கள் உணவு தேடி எல்லை தாண்டும், எல்லை தாண்டினால் சண்டை, அந்தச் சண்டைக்கு நடுவில் உங்கள் வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போகிறீர்கள். ஞாயிறு ஒரு நாள் ஊரடங்கிலேயே சாயங்காலம் இது தெரியும், கவனித்துப் பாருங்கள்.

ஆகவே நடைக்கு முதல் தயாரிப்பு சோறு. நான் எழுதுவது கருணையைப் பற்றி மட்டும் கிடையாது, கருணை இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் உங்கள் நாயின் பாதுகாப்புக்கே இதுதான் வழி. ஒரு டம்ளர் நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, கோழிக்கடையில் ஈரலோ தோலோ கேட்டு வாங்கி அதிலேயே போட்டு, உப்பு காரம் இல்லாமல் ஆறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அசைவம் சமைக்காத வீடென்றால் தயிர்ச்சோறு போதும், முட்டை இருந்தால் நல்லது. வேகவைத்த எலும்பு வேண்டாம், உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கருவாட்டைப் போடாதீர்கள், அந்த உப்பு நாய்க்கு ஆகாது. வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் சாக்லேட்டும் கூடாது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், யார் வீட்டு வாசலும் இல்லாத ஒரு மூலை, தாளில் வைத்து அவை தின்றதும் தாளை எடுத்துவிடுவது. பக்கத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும். தெருவிலங்குகளுக்குச் சோறு தண்ணீர் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று விலங்குகள் நல வாரியம் 2020 மார்ச்சிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, அந்த ஊரடங்குகளில் யாராவது தடுத்தால் இதைப் பொறுமையாகச் சொல்வேன்.

வரிசை முக்கியம்: முதலில் தனியாகப் போய்ச் சோறு வைத்துவிட்டு வந்து, அப்புறம் நாயைக் கூட்டிக்கொண்டு எதிர்த் திசையில் கிளம்ப வேண்டும். உங்கள் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு சோறு வைத்தால் சண்டைக்கு நீங்களே அழைப்பு வைத்த மாதிரி. சில நாள் இப்படிச் செய்தால் போதும், அந்த நாய்களே உங்கள் நடைக்குக் காவல் வரும். எங்கள் தெருவில் மீன் விற்கும் ஆயா ஒருவர் இதை எனக்கு முன்னாலிருந்தே செய்துகொண்டிருக்கிறார், மீன் தலையை வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பார். "அதுக்கு இன்னா தம்பி தெரியும் லாக்டவுனு? கடைக்காரன் வரலன்னா அதுக்குப் பசி, அவ்ளோதான்" என்றார். கடையே இல்லாத அந்த மாதங்களிலும் அவர் பாத்திரம் நிற்கவில்லை.

சரி, இதையெல்லாம் மீறி நாய்கள் துரத்தினால்? ஓடாதீர்கள், ஓடினால் நிச்சயம் கடிதான். நின்றுவிடுங்கள். உங்கள் நாயைச் சுவர்ப் பக்கமாக விட்டு நடுவில் நீங்கள் நில்லுங்கள், கயிற்றை இறுக்கி மேலே தூக்காதீர்கள், இறுக்க இறுக்க உங்கள் நாய்க்கு வெறி ஏறும். எதிர் நாயை முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி மெதுவாக நகருங்கள். பையில் ஒரு பிடி பொறையோ பிஸ்கட்டோ வைத்திருந்து தூரமாக எறிந்தால் பாதி நேரம் அதோடு முடிந்துவிடும். மடக்குக் குடை இருந்தால் அதன் பக்கம் நீட்டிப் பட்டென்று விரியுங்கள், பெரும்பாலான நாய்கள் ஒரு அடி பின்வாங்கும், கல்லையும் கம்பையும்விட இதுவே மேல். கல்லெறிந்து பகை சம்பாதித்தால் நாளைக்கும் அதே தெருவில்தான் நீங்கள் நடக்க வேண்டும். சின்ன நாயென்றாலும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், மற்றவை உங்கள் மேல் தாவும்.

கடி பட்டுவிட்டால், அது கீறலாக இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி இருக்கிறது, ஊரடங்கு நாளிலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும், மருத்துவத்துக்காகப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. நாளைக்கு ஊரடங்கு முடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது, வெறிநோய் வந்த பிறகு மருந்தே கிடையாது. உங்கள் நாய்க்கு வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசி தள்ளிப்போயிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

தரையில் கிடப்பவை

பிளீச்சிங் பவுடரைப் பற்றிப் பெரும்பாலான ஆட்களுக்குத் தோன்றுவதே இல்லை. தொற்று வந்த வீட்டு வாசலிலும் குப்பைத் தொட்டியைச் சுற்றியும் வெள்ளையாகக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். நாய் அதை மிதித்தால் பாதத்தின் மெத்தையில் எரிச்சல், அதைவிட மோசம் அது வீட்டுக்கு வந்து பாதத்தை நக்குவது. 2020இல் பக்கத்து வீட்டு நாய் ஒன்று இப்படி நக்கி நக்கி வாயெல்லாம் எச்சில் ஒழுகி இரண்டு நாள் சாப்பிடவில்லை. விரல் இடுக்கில் பார்த்தால் தோல் சிவந்து, நகத்தடியில் வெள்ளைப் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. அதனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் சுற்றிப் போங்கள், கிருமிநாசினி தெளித்த ஈரத் தரையென்றால் காயும் வரை காத்திருங்கள். வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் எப்போதும் இருக்கட்டும், நாலு பாதத்தையும் தண்ணீரிலேயே முக்கிக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். குழந்தைக்குப் போடுகிற மென்மையான சோப்பு கொஞ்சம் போடலாம். சானிடைசரைப் பாதத்தில் தேய்க்காதீர்கள், டெட்டால், பினாயில் கலந்த தண்ணீரும் வேண்டாம். துடைக்கும்போதே காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் நிறைய நாய்களைக் கொல்கிறது.

அடுத்து மாஞ்சா. ஊரடங்கு போட்டாலே எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளில் காத்தாடி ஏறிவிடும், காவல்துறை எத்தனை தடவை தடை போட்டாலும் கண்ணாடித் தூள் பூசின நூல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அறுந்த நூல் மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கழுத்து உயரத்தில் தொங்கும், தரையில் சுருண்டு கிடக்கும். சைக்கிளில் போகிற பழக்கம் உள்ளவர்கள் சாயங்காலம் 4 முதல் 6 வரை போகாமல் இருப்பது உத்தமம். நாயின் காலில் சுற்றிக்கொண்டால் இழுக்கக் கூடாது, இழுத்தால் சதையை அறுத்துக்கொண்டு போகும். நாயை உட்கார வைத்து, கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுக்க வேண்டும். தெருவில் கிடக்கும் நூலைப் பார்த்தால் எடுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு நடங்கள். உங்கள் வீட்டுப் பையன் கையில் மாஞ்சா இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள், எங்கள் பக்கத்தில் இந்த நூலால் கழுத்தறுந்து குழந்தைகள் செத்திருக்கிறார்கள்.

மொட்டை மாடி

சொந்த மாடி இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நாலு குடித்தனம் சேர்ந்து இருக்கும் வீட்டிலும் வாரியக் குடியிருப்பிலும் மாடி எல்லோருக்கும் பொது, பல இடத்தில் பூட்டியே கிடக்கும். வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே போய்க் கேளுங்கள்: "காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி, நாய் போன இடத்தை நானே கழுவி விட்டுடறேன்மா" என்று நேரத்தோடு சொன்னால் சாவி கிடைக்கும். சொன்னபடி கழுவவும் வேண்டும். துணி காயும் நேரத்தில் நாயை ஏற்றாதீர்கள்.

தெருவில் மட்டுமே போய்ப் பழகிய நாய் மாடியில் ஒன்றுக்குப் போகாது, மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு உங்களையே பார்க்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கமாக அது போகும் இடத்திலிருந்து கொஞ்சம் மண்ணையோ அதன் மூத்திரம் பட்ட தாளையோ எடுத்து வந்து மாடி மூலையில் ஒரு பழைய டிரேயில் மணலோடு போடுங்கள். எழுந்தவுடனே அங்கே கூட்டிப்போய், அது போகும் வரை பேசாமல் நின்று, போனதும் உடனே ஒரு துண்டு பிஸ்கட். முழு ஊரடங்கு வந்த பிறகு பழக்கலாம் என்று இருக்காதீர்கள், தெருவுக்குப் போக முடிகிற இந்த வார நாட்களிலேயே ஆரம்பித்தால்தான் ஞாயிற்றுக்கு ஆகும். கைப்பிடிச் சுவர் உயரத்தைப் பாருங்கள். பூனையையோ காக்கையையோ பார்த்துத் தாவி விழுந்த நாய்கள் உண்டு, மாடியிலும் கயிறு இருக்கட்டும்.

உங்களுக்கு மாடியில் எட்டுப் போட்டு நடப்பது போதும். சாக்பீஸால் பெரிதாக 8 வரைந்து அதன் மேலேயே இருபது நிமிடம், பாதி நேரத்தில் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும். ஜிம்முக்குப் போக முடியவில்லை என்று புலம்பும் பையன்களுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள். குத்துச்சண்டைக்குப் பேர்போன ஊர் நம்முடையது, மாடியில் நின்று காற்றில் குத்திப் பழகியே உடம்பை வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். கீழ் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் விடிகாலையில் குதிக்க வேண்டாம்.

ஜனவரியில் வெயில் பற்றிக் கவலை இல்லை. ஊரடங்கு மறுபடி கோடைக்கு இழுத்தால் மட்டும் இதை நினைவில் வையுங்கள்: புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்கக் கூடாது, கத்திரி வெயிலில் சாயங்காலம் 6 மணிக்குக்கூட ரோடு சுடும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு வெயிலில் மூச்சு சீக்கிரம் முட்டும்.

வீட்டில் தொற்று வந்துவிட்டால்

2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு பொமரேனியனுக்குத் தொற்று என்று செய்தி வந்தது, 2021 ஜூனில் நம் வண்டலூரிலேயே சிங்கங்களுக்கு வந்து நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. இரண்டு முறையும் பயந்துபோய் வளர்த்த நாயை ரோட்டில் விட்டவர்கள் இருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொற்றுப் பரவுவது முக்கியமாக மனிதரிடமிருந்து மனிதருக்கு, மனிதரிடமிருந்து எப்போதாவது விலங்குக்கு. உங்களுக்குத் தொற்று என்றால் நாயைக் கொஞ்சாமல், முகத்தை நக்க விடாமல், ஒரே தட்டில் ஊட்டாமல் தள்ளி இருங்கள். நாய்க்கு முகக்கவசம் போடக் கூடாது.

லேசான தொற்றுக்கு 2022 ஜனவரியில் வீட்டுத் தனிமை 7 நாள் என்று வைத்தார்கள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த 7 நாளும் நீங்கள் வாசலைத் தாண்டக் கூடாது, நாய்க்காகக்கூட. மாடி பொது என்றால் அங்கேயும் போகக் கூடாது. குணமான பிறகும் உடனே பழைய வேகத்தில் நடக்காதீர்கள், தெருவுக்குள் பத்து நிமிடம், மூச்சு வாங்காவிட்டால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நடந்துவிட்டு வந்து விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்க்கும்போது 94க்குக் கீழே காட்டினால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த 7 நாளுக்கு நாயை யார் நடத்துவது என்பதை இப்போதே, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியோ எதிர் வீட்டு அக்காவோ, நாய்க்குப் பழகிய ஒருவர். இந்த வாரமே இரண்டு தடவை அவர் கையில் கயிற்றைக் கொடுத்து நடத்திப் பாருங்கள். நாயின் பெயர், எவ்வளவு சோறு, எந்த நாயைக் கண்டால் ஆகாது, ஏதாவது மாத்திரை இருந்தால் நேரம், தடுப்பூசி அட்டை, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும், 2020 ஊரடங்கிலேயே கால்நடை மருத்துவமனைகளுக்கு விலக்கு இருந்தது, பழைய சிகிச்சைச் சீட்டைக் கையில் வைத்திருந்தால் வழியில் காட்டச் சௌகரியம். நாயை ஏற்ற மாட்டேன் என்று சொல்லாத ஆட்டோக்கார அண்ணன் ஒருவரின் எண்ணையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நாயை ஒப்படைக்கும்போது உங்கள் கைபட்ட கயிற்றைக் கொடுக்காமல் வேறு கயிறு கொடுங்கள், வேறு இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி வெயிலில் காயப்போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுங்கள், அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.